துருவத்தில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள சார்,

வட துருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நீங்கள் தங்கியிருந்த ஐந்து வாரங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பனியாறு, கரடி எல்லாம் வந்தது. காலையில் எழுந்து என்ன செய்வீர்கள், யார் சமைப்பார்கள், வீட்டுக்குப் பேச முடியுமா என்பதெல்லாம் வரவில்லை. நான் எம்.எஸ்சி. ஜியாலஜி முதலாண்டு. ஒருநாள் அங்கே போகவேண்டும் என்று ஆசை. அம்மா, "அந்தக் குளிரில் விறைச்சுப் போயிடுவே" என்கிறார். என்ன பதில் சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நான் தங்கியிருந்த ஆய்வு ஊரான நி-ஓலெசுண்டில் ஜூலையில் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி. மார்கழி விடிகாலையில் ஊட்டி அதைவிட மோசம். நான் போனது கோடையில். குளிர்காலம் வேறு கதை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை சூரியன் எழாது. அங்கே இருக்கும் இந்திய ஆய்வு நிலையமான ஹிமாத்ரி திறந்தது 2008இல். குளிர்காலத்துக்கென்று குழு அனுப்ப ஆரம்பித்தது 2023 டிசம்பரில்தான்.

என்னைப் படுத்தி எடுத்தது வெளிச்சம். ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் இறங்காமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. படுக்கலாம் என்ற நினைப்பே வராது. ஒருநாள் மாதிரிப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாலைதானே, முடித்துவிட்டு எழுந்திரிக்கலாம் என்று பார்த்தால் மணி இரண்டேகால். இரவு இரண்டேகால்!

அங்கே பொழுதை நிறுத்திப் பிடிப்பது மெஸ்தான். பத்து நாட்டு ஆய்வு நிலையங்கள் இருந்தாலும் ஊருக்கு ஒரே சாப்பாட்டுக் கூடம். மாலை ஐந்து மணிவாக்கில் இரவுச் சாப்பாடு! முதல் வாரம் ஒன்பது மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போட்டது. ரொட்டி, மீன், உருளைக்கிழங்கு. அப்புறம், பழுப்பு நிறத்தில் ஒரு நார்வே பாலாடைக்கட்டி. பால் திரிந்து வடியும் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. சன்னமாகச் சீவி வாயில் போட்டேன். எங்கள் வீட்டுத் திரட்டுப்பாலில் யாரோ உப்புப் போட்டதுபோல இருந்தது. ஊறுகாய்ப் பாட்டிலை நான் மெஸ்ஸுக்கே எடுத்துப்போவேன். இரண்டாம் வாரத்தில் அடுத்த மேசை ஜெர்மன்காரர் தட்டை நீட்ட ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை இரவு மட்டும் எல்லோரும் நல்ல உடை போட்டுக்கொண்டு வருவார்கள். நான் சுருக்கம் போகாத ஒரே சட்டையை ஐந்து சனிக்கிழமையும் போட்டேன்.

வேலை? வெஸ்த்ரே பிராகர்பிரீன் என்ற பனியாற்றில் ஆங்காங்கே துளையிட்டு நட்டு வைத்த குச்சிகள் இருக்கின்றன. போய் டேப்பால் அளக்கவேண்டும். போனமுறையைவிடக் குச்சி எத்தனை சென்டிமீட்டர் கூடுதலாக வெளியே நிற்கிறதோ, அத்தனை பனி அந்த இடத்தில் போய்விட்டது. அளப்பது இரண்டு நிமிடம். அங்கே போய்ச் சேர்வதில்தான் நாள் போகும். கோடையில் ஸ்னோ ஸ்கூட்டர் ஓடாது. சரளைக் கல்லிலும் உருகிவரும் ஓடையிலும் நடைதான். மூட்டம் போட்டால் கிளம்பவே முடியாது. இரண்டு நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததும் உண்டு. ஆராய்ச்சியில் பாதி சுமப்பது, மீதி காத்திருப்பது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

ஊரைத் தாண்டினால் துப்பாக்கி வேண்டும். பயிற்சி கொடுப்பார்கள். தோட்டா மேகசீனில் இருக்கும், குழல் காலியாக இருக்கும். ஊருக்குள் நுழையும்போது மொத்தமாகக் காலி செய்துவிடவேண்டும். கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம் என்பதற்காகக் கதவுகளைப் பூட்டுவதில்லை. நான் கரடியைப் பார்க்கவில்லை. என்னைத் தாக்கியது ஆலாப் பறவை. வழியோரத்தில் தரையிலேயே முட்டையிடும்; பக்கத்தில் போனால் நேராக மண்டைக்குத்தான் இறங்கும். உயரமாக இருப்பதைக் கொத்தும் என்பதால் தலைக்கு மேலே ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். முதல்நாள் அது தெரியாமல் உச்சந்தலையில் ரத்தத்தோடு மெஸ்ஸில் போய் நின்றேன்.

வீட்டுக்குப் பேசலாம். ஆனால் வைஃபை கிடையாது, புளூடூத் கிடையாது, போன் எப்போதும் ஃபிளைட் மோடில். அங்கிருக்கும் பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்திலிருந்து ரேடியோ அலை அனுப்பும் குவேசார் என்ற விண்பொருட்களைக் கேட்டு, பூமியின் சுழற்சியைத் துல்லியமாக அளக்கின்றன. நம் கருவிகளின் ரேடியோ அலைகள் அதைக் கெடுத்துவிடும். மடிக்கணினியில் கேபிள் செருகித்தான் பேசவேண்டும். என் கைக்கடிகாரத்தில் புளூடூத்தை அணைக்க மறந்து மூன்று நாள் திரிந்தேன். ஒரு பெண் வந்து சிரித்துக்கொண்டே மணிக்கட்டைக் காட்டியபோது காது சூடாகிவிட்டது.

எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியல் கேட்டிருந்தால் இதைத்தான் முதலில் எழுதியிருப்பேன்: சாக்ஸ். 1962 சுரங்க விபத்தில் 21 பேர் இறந்து, அதன்பின் சுரங்கம் மூடப்படும்வரை நி-ஓலெசுண்ட் நிலக்கரி ஊர். கரித்தூள் உள்ளே வராமல் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிய பழக்கம் இன்னும் இருக்கிறது. மெஸ், ஆபீஸ், எங்கு போனாலும் கழற்றவேண்டும். நமக்குப் புதிதல்ல, சரி. ஆனால் நார்வேக்காரர்கள் எல்லோரும் பூப்போட்ட கம்பளிச் சாக்ஸில் வந்து நிற்க, என் வலதுகால் பெருவிரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு ஜோடி எடுத்துப்போங்கள், ஓட்டை இல்லாததாக.