கிரிலென்கோ வீணாகிப் போனாரா?

அன்புள்ள ஐயா,

ரஷ்யக் கூடைப்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில் ஆந்த்ரேய் கிரிலென்கோவை ஏகத்துக்கும் புகழ்ந்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆட்டத்துக்குச் சராசரியாக 12 புள்ளிகூட இல்லை. யூட்டா ஜாஸ் அணியோ அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 8.6 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. இது திறமை வீணான கதைதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புள்ளிகளில் தேடினால் கிரிலென்கோ அகப்பட மாட்டார். 2006 ஜனவரியில் லேக்கர்ஸ் அணியுடன் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள்: 14 புள்ளி, 8 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 9 அசிஸ்ட் (கூடைக்கு வழி செய்யும் பாஸ்), 6 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), 7 பிளாக் (ஷாட்டைத் தட்டிவிடுவது). நாலு பேர் பங்கிட்டுக்கொள்ளும் வேலை இது.

அவர் தடுக்கும் விதமே தனி. தான் காவல் காக்க வேண்டிய ஆளை விட்டு இரண்டடி உள்ளே தள்ளி, கவனிக்காதவர் மாதிரி நிற்பார். எதிரணிக்காரர் ஒருவர் தன் காவலைத் தாண்டி, இனி யாருமில்லை என்று பந்தை வளையத்துக்கு உயர்த்துவார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீளக் கை வந்து பந்தைத் தட்டிவிடும். 2004-05இல் ஆட்டத்துக்கு 3.3 பிளாக், லீகிலேயே முதலிடம். வளையத்தருகே நிற்கும் ஏழடி சென்டர்கள் எடுக்கிற பெயரை ஒல்லியான ஃபார்வர்ட் ஒருவர் எடுத்தார். (பிறந்தது கலாஷ்னிகோவ் துப்பாக்கி செய்யும் இஷேவ்ஸ்கில், பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் ஏ.கே., சட்டை எண் 47. ஏகே-47 என்ற பட்டப்பெயர் வராமல் இருக்குமா?)

அப்புறம் யூட்டாவின் ஆட்டம் சக வீரர்கள் டெரான் வில்லியம்ஸ், கார்லோஸ் பூசர் இருவரையும் சுற்றி அமைந்தது. கிரிலென்கோவின் கைக்குப் பந்து வருவதே குறைந்தது. முந்தைய ஆண்டு 15.3 ஆக இருந்த சராசரி 2006-07இல் 8.3. பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் சமயத்தில் நிருபர்கள் முன்னால் அழுதேவிட்டார். ஓட்டத்தில் இருந்தால்தான் அவர் ஆட்டக்காரர். ஓரத்தில் நிறுத்தினால் அவரிடம் இருப்பது சுமாரான ஷாட் மட்டும். இதில் பயிற்சியாளர் ஜெர்ரி ஸ்லோன் மீதும் எனக்கு வருத்தம் உண்டு.

2007 செப்டம்பரில், மாட்ரிட்டில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. எதிரே உலக சாம்பியன் ஸ்பெயின், அதுவும் சொந்த மண்ணில். ரஷ்யா 60-59 என்று ஜெயித்தது. கடைசி ஷாட் போட்டவர் ஜே.ஆர். ஹோல்டன், தொடரின் சிறந்த வீரர் கிரிலென்கோ. நாலு மாதத்தில் ஆள் மாறவில்லை, அவரை வைத்து ஆடிய விதம் மாறியது. அந்தக் கையோடு, மிச்சச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, யூட்டாவிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டார். விடவில்லை. 2011 வரை அங்கேதான் ஆடினார்.

2012இல் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணிக்காக ஆடி, ஐரோப்பிய கிளப்களின் போட்டியான யூரோலீகின் சிறந்த வீரரானார். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார். ஆனால் வீணானது எது என்று என்னைக் கேட்டால், அதே ஆண்டு இஸ்தான்புல்லில் நடந்த யூரோலீக் இறுதியைத்தான் சொல்வேன். கிரேக்க அணியான ஒலிம்பியாகோஸை விட 19 புள்ளி முன்னே இருந்த சிஎஸ்கேஏ, கடைசி நொடியில் எதிரணியின் பிரின்டெஸிஸ் போட்ட கூடையில் 61-62 என்று தோற்றது.