பைப்பில் எழுதியதும் இரண்டு பிஎச்பி ஸ்கிரிப்டும் ஏன் அசையாமல் நிற்கின்றன?

கேள்வி இதுதான்: ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் ப்ராக்_ஓப்பன் (தனி ப்ராசஸைத் தொடங்கும் ஃபங்ஷன்) மூலம் இன்னொரு ஸ்கிரிப்டைக் கிளப்பி, பைப் (இரண்டு ப்ராசஸ்களுக்கு இடையே டேட்டா போகும் குழாய்) வழியாக அதற்கு வரி வரியாக டேட்டா அனுப்புகிறது. பிழை எதுவும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

எழுதி முடித்ததும் பைப்பை எஃப்குளோஸ் கொண்டு மூடினீர்களா? முதலில் அதைப் பாருங்கள். கடைசி வரி போய்ச் சேர்ந்தாலும் அதுதான் கடைசி என்று சைல்டுக்கு, அதாவது கிளப்பப்பட்ட ஸ்கிரிப்டுக்கு, தெரியாது. எழுதும் முனை மூடினால்தான் அதற்கு முடிவு தெரியும். அதுவரை இன்னும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கேஸ்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

மூடியும் நிற்கிறது, அல்லது மூடும் வரிக்கே வராமல் நிற்கிறது என்றால் விஷயம் வேறு. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். கடை மூடும் நேரத்தில் அன்றைய சரக்கு வரிகள் ஒரு ஸ்கிரிப்டில் சேரும்: லாட் எண், 90 கிலோ மூட்டை எத்தனை, என்ன விலை. அவற்றைப் பில்லாக மாற்றுவது இன்னொரு ஸ்கிரிப்ட். இரண்டாவதை முதலாவதுக்குள்ளேயே இன்க்ளூட் செய்துவிட்டுப் போகலாமே என்பார்கள். பில் போடுகிற பகுதி மெமரி தீர்ந்து விழுந்தாலும் கணக்குப் பகுதி விழக்கூடாது, அதனால்தான் தனி ப்ராசஸ்.

இந்த மாதிரி அமைப்பு நாலு லாட் வைத்து டெஸ்ட் செய்தால் அருமையாக ஓடும். மரவள்ளி அறுவடை சீசனில் வரிகள் குவியும்போதுதான் நிற்கும். காரணம், லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 64 கேபிதான் தாங்கும். சைல்ட் ஒவ்வொரு வரியையும் வாசித்த கையோடு பில் வரியை வெளியே தள்ளுகிறது. பேரன்ட்டோ (கிளப்பிய ஸ்கிரிப்ட்) எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் வாசிக்கப் போகிறது. வெளியீட்டுப் பைப் நிரம்பியதும் சைல்ட் எழுத முடியாமல் நின்றுவிடும், அதனால் வாசிப்பதும் நிற்கும். உள்ளீட்டுப் பைப்பும் நிரம்ப, பேரன்ட் எழுதப் பயன்படுத்தும் எஃப்ரைட் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிழைச் செய்திகள் போகும் எரர் பைப்பிலும் இதே கதைதான். விலை காலியாக இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் சைல்ட் ஒரு எச்சரிக்கை எழுத, அதை யாருமே வாசிக்கவில்லை என்றால் அதுவும் நிரம்பும். இது கண்ணுக்குத் தெரியாது என்பதால் தேடுவதே கஷ்டம்.

லினக்ஸில் பைப்புகளை நான்-பிளாக்கிங் (காத்து நிற்காத முறை) ஆக்கி, எந்தப் பைப் தயார் என்று சொல்லும் ஸ்ட்ரீம்_செலக்ட் கொண்டு எழுதுவதையும் வாசிப்பதையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். ஆனால் விண்டோஸில் ப்ராக்_ஓப்பன் தரும் பைப்புகளுக்கு ஸ்ட்ரீம்_செலக்ட் வேலை செய்யாது. நான் பார்க்கும் கடைகளில் இருப்பதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். அதனால் உள்ளீட்டை மட்டும் பைப்பாக வைத்து, வெளியீடு, எரர் இரண்டையும் தற்காலிக ஃபைல்களுக்குத் திருப்பிவிடச் சொல்வேன். ஃபைல் 64 கேபியில் நிரம்பாது, சைல்ட் தடையில்லாமல் ஓடி முடிக்கும். அப்புறம் நிதானமாக வாசித்துக்கொள்ளலாம்.

ப்ராக்_ஓப்பனுக்குப் பைப்புகளை விவரிக்கும் டிஸ்கிரிப்டரில் 'ஆர்' (வாசிக்க), 'டபிள்யூ' (எழுத) இரண்டும் சைல்டின் பார்வையில் என்பதை மறக்க வேண்டாம். அது வாசிக்கும் பைப்புக்குத்தான் 'ஆர்'. பிஎச்பி 7.4 முதல் கமாண்டை அர்ரேயாகவே கொடுக்கலாம், நடுவில் ஷெல் (கமாண்ட் வரியைப் பிரித்து ஓட்டும் நிரல்) வராது. ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தாலும் பிரச்சினை இல்லை. வெப் சர்வரிலிருந்து ஓட்டினால் பிஎச்பி நிரலின் பாதையைத் தரும் பிஎச்பி_பைனரியை நம்ப வேண்டாம், அது எஃப்பிஎம்மின் (வெப் சர்வருக்கான பிஎச்பி) பாதையாக இருக்கலாம். சிஎல்ஐ (கமாண்ட் வரியில் ஓடும் பிஎச்பி) பாதையை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

திறந்த பைப்புகளை எல்லாம் மூடிய பிறகே ப்ராக்_குளோஸ். அது தரும் எக்ஸிட் கோடு (சைல்ட் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 0 இல்லையென்றால் பில்லை அச்சடிக்கவே கூடாது. சைல்ட் பாதியில் விழுந்தாலும் ஃபைலில் பாதி வரிகள் ஒழுங்காகத்தான் இருக்கும், பார்த்தால் முழு பில் போலவே தெரியும். பிஎச்பி 8.3-க்கு முந்தைய பதிப்பு என்றால் இன்னொன்று: சைல்ட் முடிந்த பிறகு, அதன் நிலையைச் சொல்லும் ப்ராக்_கெட்_ஸ்டேட்டஸ் முதல் தடவைதான் சரியான எக்ஸிட் கோடைத் தரும், அடுத்த தடவை -1 வரும். வந்ததும் அதை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.