பைகளை யார் பார்த்துக்கொள்வது?

அன்புள்ள அக்காவுக்கு,

மலையகத்தில் நோர்வூட்டில் இருந்து எழுதுகிறேன். ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. என் சின்ன வயதுக் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள். சாதாரண தரம் வரை ஒரே வகுப்பு. அப்புறம் அவள் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். வருகிற தை மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். அதற்கு முன் ஒரு நாள் அவளை ஹங்வெல்லைப் பக்கம் இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக ஆசை. நான் ஏற்கெனவே போயிருக்கிறேன். அவள் அந்த மாதிரி இடத்தைப் பார்த்ததே இல்லை. கேட்டவுடன் முகம் மலர்ந்தது, ஆனால் "நீ எல்லாத்துலயும் ஏறு, எனக்குப் பயம், நான் பைகளப் பார்த்துக்கிறேன்" என்கிறாள். வற்புறுத்தி ஏற்றலாமா? கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸிலேயே அவளுக்கு வாந்தி வரும், அது வேறு யோசனை. அந்த நாள் அவளுக்கு நல்ல நாளாக அமைய நான் என்ன செய்ய வேண்டும்?

ச., நோர்வூட்

*

அன்புள்ள ச.,

வற்புறுத்த வேண்டாம். அதே நேரம், பயம் என்று அவள் சொன்னதை முழுக் காரணமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் பெண்கள் நம் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பயம் ஒரு சின்னப் பங்குதான்.

என் அத்தை ஒருவர் அப்படி. சித்திரையில் நுவரெலியாவில் வசந்த காலக் களியாட்டம் நடக்கும்போது குடும்பமாகப் போவோம். கார்னிவலில் ரங்கராட்டினத்துக்குக் கீழே அவர் நிற்பார். இரண்டு தோளிலும் பைகள், கையில் குடை, காலடியில் பிள்ளைகள் கழற்றி விட்ட செருப்புகள். "எனக்குப் பாத்தாலே தல சுத்தும்மா" என்பார். ஆனால் சக்கரம் மேலே போகும்போதெல்லாம் அவர் கழுத்தும் கூடவே நிமிரும். கண்ணை எடுக்கவே மாட்டார். ஒரு வருடம் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே வந்து, "எனக்குப் பயமா இருக்கு, நீங்க பக்கத்துல இருந்தா ஏறுவேன்" என்றது. அத்தை பைகளை என் கையில் திணித்தார், சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினார், ஏறிவிட்டார். சக்கரம் நின்ற பிறகு பிள்ளை இறங்கியது. அவர் இறங்கவில்லை, இன்னொரு சுற்றுக்கு டிக்கட் எடுக்கச் சொன்னார்.

ஆகவே உங்கள் கூட்டாளியிடம் "வா, உன்னைக் கூட்டிப் போறேன்" என்பதை விட "எனக்குத் துணைக்கு வா" என்று கேட்டுப் பாருங்கள். நம் பெண்களுக்குத் தனக்காக ஒன்றைச் செய்துகொள்ளக் கூச்சம். அடுத்தவருக்குத் துணை என்றால் உடனே கால் நகரும். இதைத் தந்திரமாகச் செய்யாதீர்கள், உண்மையாகவே கேளுங்கள். அவள் போன பிறகு உங்களுக்கும்தானே அந்தத் துணை இல்லாமல் போகப் போகிறது.

அந்தப் பயத்துக்குப் பின்னால் என்னென்ன இருக்கலாம் என்று யோசித்தால் முதலில் எனக்குத் தோன்றுவது பணம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தார்கள். 2021இல் படியும் சேர்த்து 1,000 ரூபாவாக இருந்தது, அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது என்று நமக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் வாழ்ந்த ஒருத்தி டிக்கட் விலையைப் பார்த்தவுடன் மனசுக்குள் கொழுந்துக் கிலோவாக மாற்றித்தான் கணக்குப் போடுவாள். டிக்கட் கவுண்டருக்கு முன்னால் நின்று "நீ விடு, நான் கட்டுறேன்" என்று சொன்னால் அவள் கூசிப்போவாள். முன்கூட்டியே, நோர்வூட்டில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், "இது நீ போறதுக்கு முன்னால நான் தர்றது" என்று பேசி முடித்துவிடுங்கள். பதிலுக்கு அவள் ஏதாவது செய்ய விரும்பினால் தடுக்காதீர்கள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றால் கொண்டு வரட்டும். பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், அதனால் போகிற வழியிலேயே எங்காவது இறங்கிச் சாப்பிட்டுவிடலாம்.

அடுத்தது உடுப்பு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நீர்ச்சறுக்குகளில் பருத்திச் சல்வாரோடு இறங்கக்கூடாது. தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப் போகும், சறுக்கில் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும், வெளியே வந்தால் உடம்போடு ஒட்டும். இரும்பு சிப், பொத்தான் உள்ள உடுப்பையும் அநேகமாக விடமாட்டார்கள், அது சறுக்கையும் கீறும், தோலையும் கீறும். நைலோன் துணியில் முழங்கால் தாண்டிய காற்சட்டையும் கை வைத்த மேற்சட்டையும் கடும் நிறத்தில் இருவருக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். அவள் மட்டும் வித்தியாசமாகத் தெரியக்கூடாது. மாற்றுடுப்பும் உள்ளாடையும் ஒரு தடித்த துவாயும் வேண்டும். தேதியையும் அவளிடமே கேட்டு வையுங்கள், மாதவிலக்கு நாளில் போய் விழுந்தால் அவள் கடைசி வரை பயம் என்றே சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஷோல் விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். சுழலும் எதிலும், கார்ட் வண்டியில் கட்டாயமாக, ஷோலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஷோல் நுனியோ பின்னாத கூந்தலோ சக்கரத்தில் மாட்டினால் ஒரு நொடியில் கழுத்தை இழுத்துவிடும். கொண்டை போட்டுக் கட்டுங்கள். சங்கிலியும் தோடும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்த இடத்தில்தான் பைப் பிரச்சினையையும் தீர்த்துவிட வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே பை கொண்டு போங்கள், உள்ளே போனதும் லொக்கரில் வைத்துப் பூட்டுங்கள். சாவி அவள் கையில் இருக்கட்டும். பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் அவள் நிற்பதற்கு இடமும் இருக்காது.

இனி வாந்தி. நாம் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்த்தால் கண் "அசையவில்லை" என்று சொல்லும், உட்காது "வளைகிறது, இறங்குகிறது" என்று சொல்லும். இந்த இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம். முன்வரிசையில் உட்காரவைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரை என்றால் பார்மசியில் கேட்டு வாங்கி, பஸ் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை. சில மாத்திரைகளுக்குத் தூக்கம் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் அவளிடம் ஒன்றைச் சொல்லலாம். நோர்வூட்டில் ஓடுகிற கெசல்கமு ஓயா காசல்ரீ அணையைத் தாண்டிக் கீழே போய் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. ஹங்வெல்லையில் அவள் பார்க்கப் போகும் ஆறு அதுதான். எனக்கு இது எப்போது நினைத்தாலும் பிடித்த விஷயம்.

ஆனால் ஆறு இறங்குகிற மாதிரி உடம்பு லேசாக இறங்காது. ஹட்டன் 4,000 அடிக்கு மேல் இருக்கிறது, ஹங்வெல்லை ஏறக்குறைய கடல் மட்டம். குளிரில் பழகிய நமக்கு அந்தப் புழுக்கம் பத்து மணிக்கே தலைவலியைக் கொண்டுவரும். மலையில் நாம் தண்ணீர் குறைவாகக் குடிப்போம், அங்கே தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. மதிய வெயிலில் நீர்ப்பகுதி, காலையில் மற்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறை நாளும் கூட்டம் நெரியும், பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வார நாளில் லீவு போட்டுப் போனால் வரிசையில் நின்று களைக்க வேண்டாம்.

உள்ளே போனதும் எதிலும் ஏறாமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் ஓடுகிறது, இறங்குபவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும். தெரியாதவளாகத் தெரிந்துவிடுவோமோ என்ற கூச்சம் இந்த ஒரு நடையில் பாதி போய்விடும். எதில் முதலில் ஏறுவது என்று அவளே சொல்லட்டும். அது குழந்தைகள் ஏறும் ரயிலாக இருந்தாலும் ஏறுங்கள், "இதுலயா?" என்று சிரிக்காதீர்கள்.

ஆடும் கப்பல் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நடு வரிசையில் உட்காருங்கள். இரண்டு முனைகளும்தான் அதிக உயரத்துக்குப் போகும், நடுவில் ஆட்டம் குறைவு. குமட்டினால் எதிரே அசையாமல் நிற்கும் ஏதாவது மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே இறங்கும்போது வயிறு மேலே எழும்புவது போல் இருக்கும். உடம்பும் ஆசனமும் சேர்ந்து விழுவதால் ஆசனம் நம்மைத் தாங்கும் அழுத்தம் அந்த நொடியில் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எதனால் என்று தெரிந்தால் அந்த உணர்வு வரும்போது ஆபத்து என்று மனம் அலறாது. கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது விமானம் சட்டென்று ஒரு தரம் தாழ்ந்தால் இதே உணர்வு வரும். அப்போது அது அவளுக்குப் பழகியதாக இருக்கும். இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அவள் உண்மையிலேயே ஏறக்கூடாதவையும் உண்டு. வருடக்கணக்கில் கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிச் சுமந்த கழுத்து அது. கழுத்து வலி, முதுகு வலி, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று பல ரைட்களின் வாசலில் எழுதியிருக்கும். அந்தப் பலகை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் நீங்கள் படித்துச் சொல்லுங்கள். மோதுகார், வெட்டி இழுக்கும் வகை எல்லாம் வலி உள்ள கழுத்துக்கு ஆகாது. அங்கே அவள் வேண்டாம் என்றால் நீங்களும் ஏறாமல் கூட நில்லுங்கள்.

இன்னொன்று, அவள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். முதல் தடவை அலறுவதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அவள் அலறட்டும், அழட்டும், கெட்ட வார்த்தைகூடச் சொல்லட்டும், அது உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். நுழைவாசலில் ஒன்று, ஈரத் தலையோடு ஒன்று எடுத்தால் போதும். இரண்டையும் கடதாசியில் கழுவிக் கொடுங்கள். குவைத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். பின்னேரம் கித்துல்கலை தாண்டினாலே மழை பிடிக்கலாம், வட்டவளைப் பக்கம் பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்துதான் வரும். ஹட்டனில் இருந்து நோர்வூட்டுக்கு இரவு பஸ் கிடைக்காவிட்டால் வர ஒரு ஓட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவள் வீட்டிலும் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா