நேர்காணலில் அசத்தியவர் வேலையில் சொதப்புவது ஏன்?

கேள்வி: "பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். கணக்குப் பிரிவில் ஒன்றரை வருடத்துக்குள் மூன்று பேரை மாற்றியாகிவிட்டது. மூவருமே நேர்காணலில் பிரமாதமாகப் பேசியவர்கள். எங்கே தப்பு செய்கிறோம்?"

பதில்:

பெரும்பாலும் தப்பு நேர்காணலில்தான் இருக்கும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து, பேச்சு போகிற போக்கில் போய், அரை மணி நேரம் கழித்து "ஆள் நல்லா இருக்காருல்ல?" என்று முடிகிற சந்திப்பு ஒன்றைத்தான் அளக்கிறது: முன்பின் தெரியாதவரிடம் அரை மணி நேரம் இனிமையாகப் பேச வருமா என்பதை. விற்பனைக்கு ஆள் எடுத்தால் அதுவாவது கொஞ்சம் உதவும். கணக்குக்கு?

இதை உளவியலாளர்கள் நூறு வருடமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணும் பிறகு வேலையில் காட்டிய திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். 0 என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த மாதிரி. 1998இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தபோது, கேள்விகளும் மதிப்பெண் முறையும் முன்பே வகுக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51, மனம்போன போக்கில் நடப்பதற்கு 0.38 என்று வந்தது. 2022இல் சாக்கெட் குழுவினர் வேலைக்கு எடுக்கப்படாதவர்களின் தரவு இல்லாததை ஈடுகட்ட அந்தக் கணக்கில் செய்யப்பட்டிருந்த திருத்தங்கள் மிகை என்று காட்டி மறுபடி கணக்கிட்டார்கள். வகுத்த நேர்காணல் 0.42க்கு இறங்கியது. மனம்போன நேர்காணல் 0.19க்கு விழுந்தது. அதே பட்டியலில் வேலை அறிவுத் தேர்வு 0.40, வேலையையே கொஞ்சம் செய்து காட்டச் சொல்வது 0.33. "குறைந்தது 5 வருட அனுபவம்" என்று விளம்பரத்தில் போடுகிறோமே, அந்த அனுபவ வருடங்களுக்குக் கிடைத்தது 0.07தான்.

எண்களை நம்பாதவர்களுக்கு டெக்சாஸ் சம்பவம். 1979இல் ஹூஸ்டனில் உள்ள மருத்துவக் கல்லூரி 150 பேரைச் சேர்த்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி மாநில சட்டமன்றம் உத்தரவிட்டது. நல்ல ரேங்க் வாங்கியவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். நேர்காணலுக்கு வந்த 800 பேரில் கடைசி நூறு இடங்களுக்குள் வந்தவர்களிடமிருந்துதான் அந்த 50 பேரை எடுக்க வேண்டியிருந்தது. படிப்பிலும் சரி, மருத்துவமனைப் பயிற்சியிலும் சரி, முதலில் சேர்ந்த 150 பேருக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இனி உங்கள் விஷயம். விளம்பரம் கொடுக்கும் முன்பே, இந்த ஆள் முதல் ஆறு மாதத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். "பொறுப்பானவர்" என்றெல்லாம் எழுதக் கூடாது. "கொள்முதல் பதிவேட்டை மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைப் பட்டியல் போட்டு, சப்ளையரிடம் பேசித் தீர்ப்பது" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். (ஜிஎஸ்டிஆர்-2பி என்பது, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தருகிற பட்டியல்.) அப்படி எழுதினாலே பாதித் தேர்வு தானாக அமைந்துவிடும்.

அந்த ஒப்பிடும் வேலையையே பரீட்சையாக வையுங்கள். எக்செல்லில் இரண்டு ஷீட்: ஒன்றில் 40 வரி கொள்முதல் பதிவேடு, இன்னொன்றில் 2பி. பெயர்கள், ஜிஎஸ்டி எண்கள் எல்லாம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். உள்ளே ஆறு பிழைகளை ஒளித்து வையுங்கள். ஒரு பில் எண் இங்கே 0147, அங்கே 147. ஒரே பில் இரண்டு முறை பதிவு. தமிழ்நாட்டுக்குள் வாங்கிய சரக்குக்கு, வெளிமாநிலக் கொள்முதலுக்குரிய ஐஜிஎஸ்டி. பதிவேட்டில் இருந்து 2பியில் வராத பில் ஒன்று, 2பியில் வந்து பதிவேட்டில் இல்லாத பில் ஒன்று. வரித்தொகையில் இலக்கங்கள் இடம் மாறிய பில் ஒன்று. நேரம் 25 நிமிடம். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் 2, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியதற்கு 1, சரியான வரியைத் தப்பு என்று குறித்தால் 1 கழியும்.

மதிப்பெண்ணை விட முக்கியமான ஒன்று இதில் தெரியவரும். சிலர் கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும் என்பதற்காக, குறிப்பு எதுவும் எழுதாமல் எண்ணை மாற்றிவிடுவார்கள். ஆறில் ஐந்து பிழை பிடித்திருந்தாலும் அவர் வேண்டாம். 2பியில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை) நம் வரியில் கழித்துக்கொண்டுவிட்டு, பிறகு வட்டியோடு கட்டுகிற கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பரீட்சை நீளக் கூடாது. உங்கள் நிலுவை வேலையை ஓசியில் முடித்துக்கொள்ளவும் கூடாது. வந்தவருக்கு அது உடனே புரிந்துவிடும், வெளியே போய்ச் சொல்லவும் செய்வார்.

அடுத்து நேர்காணல். எல்லோருக்கும் அதே ஐந்து கேள்வி, அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் 1, 3, 5 மதிப்பெண்ணுக்கான பதில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எல்லோரும் சோம்பல்படுவது இங்கேதான். ஓர் உதாரணம் பாருங்கள்: "வங்கி ஸ்டேட்மென்ட்டுக்கும் டேலி கணக்கு மென்பொருளில் உள்ள பதிவுக்கும் 18,000 ரூபாய் வித்தியாசம். முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" சஸ்பென்ஸில் (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கில்) போட்டு வைப்பேன் என்றால் 1. பணமாகாத செக், வங்கிக் கட்டணம் என்று பொதுவாகச் சொன்னால் 3. போன மாதம் ஒத்துவந்ததா என்று முதலில் கேட்டு, பிறகு பாதித் தொகையான 9,000இல் ஏதாவது வரவு செலவாகப் பதிவாகியிருக்கிறதா என்று தேடி, 18,000 ஒன்பதால் வகுபடுவதால் 53,000 என்பது 35,000 என்று இலக்கம் மாறி ஏறியிருக்குமோ என்றும் பார்ப்பவருக்கு 5. இந்த அளவுகோல் கையில் இருந்தால், கணக்கு தெரியாத பங்குதாரர்கூட மதிப்பெண் போடலாம்.

கேட்பவர்கள் இரண்டு பேர் போதும். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே, தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். ஆள் வெளியே போன பிறகு, எழுதிய தாளைக் காட்டும் வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது. முதலாளி முதலில் வாயைத் திறந்தால் மற்றவர் மதிப்பெண் அவர் பக்கம் சாய்ந்துவிடும், இது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரே பதிலுக்கு ஒருவர் 2, இன்னொருவர் 5 போட்டிருந்தால் அந்தக் கேள்வியை மட்டும் விவாதியுங்கள். ஊர், படிப்பு பற்றிய குசலம் முதல் ஐந்து நிமிடம் தாராளமாக இருக்கட்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது. பதில் சொல்லத் திணறுகிறார் என்று பாவப்பட்டு எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் நீங்கள் அளப்பது உங்கள் பதிலைத்தான்.

"அப்போ என் அனுபவத்துக்கு வேலையே இல்லையா?" என்று பங்குதாரர் கோபப்படலாம். உளவியலாளர் டேனியல் கானமன் 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு இப்படி ஒரு முறையை வகுத்தபோது, நேர்காணல் நடத்தியவர்கள் எங்களை ரோபோ ஆக்குகிறீர்கள் என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர் சமாதானம் சொன்னார்: ஆறு குணங்களுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட சிப்பாயாக இருப்பார் என்று யோசித்து ஒரு மதிப்பெண் போடுங்கள். பிறகு பார்த்தால், அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்குச் சரியாகவே இருந்தது. உள்ளுணர்வுக்கு இடம் உண்டு, வரிசையில் அது கடைசியில் வர வேண்டும். உங்கள் தாளிலும் ஆறாவதாக அப்படி ஒரு கட்டம் வையுங்கள்.

பரீட்சைக்கு 50, ஐந்து கேள்விக்கு 40, அந்தக் கடைசிக் கட்டத்துக்கு 10 என்று வெயிட்டேஜை முதல் ஆள் உள்ளே வரும் முன்பே முடிவு செய்யுங்கள். பார்த்த பிறகு மாற்ற ஆரம்பித்தால் பிடித்தவருக்கு ஏற்ற மாதிரி வளைந்துவிடும். மச்சானின் நண்பர் வந்தாலும் அதே தாள்தான்.

தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். எடுத்தவர் ஆறு மாதம் வேலை பார்த்ததும் அவருடைய தாளை எடுத்துப் பாருங்கள். வந்த எல்லோருமே 4, 5 வாங்கிய கேள்வி ஏதாவது இருக்கும். யாரையும் பிரித்துக் காட்டாத கேள்வி அது, அடுத்த முறை அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள்.