ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனால் குடி நிற்குமா? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

வேலூரில் இருக்கிறேன், தினமும் குடிக்கிறேன், கூட்டத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் மானம் போய்விடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மானத்தைப் பார்த்தே இரண்டு வருஷம் வீணாக்கியவன் நான். அதனால் எழுதுகிறேன். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் கதையைப் பேசுகிற கூட்டம்.

ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடின பிறகு இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த நேரத்தில்தான் இதையெல்லாம் தேடுவேன். காலையில் மறந்துபோகும்.

எனக்கு ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பு வேலை, அதாவது தோல் பதனிடுகிற இடத்தில். 2016 ஆடியில் என் மச்சான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு, முட்டி இடித்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். டீ கொடுத்துக்கொண்டு வந்த பெரியவர் எனக்கு மட்டும் பாதி டம்ளர் ஊற்றினார். எனக்குக் கோபம். அவர் குனிந்து மெதுவாக, "கை நடுங்குது இல்லப்பா, நெறைய ஊத்தினா கொட்டிடும். குடி, மறுபடி ஊத்தறேன்" என்றார். வேறு யார் காதிலும் விழவில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைக்குத் தெரியாமல் அந்தக் கையை நான் மூன்று வருஷமாக மறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருவர் பேசினார். அவரும் தோல் ஷாப்பு ஆள். "நாத்தம் தாங்காமதான் குடிக்கிறேன்னு எல்லார்கிட்டயும் சொல்வேன். பக்கத்து டிரம்முல நிக்கிறவன் இருபது வருஷமா ஒரு சொட்டு தொடல, அவனுக்கு மட்டும் மூக்கு இல்லையா?" என்றார். நான் தினமும் வீட்டில் சொல்கிற அதே பொய். டாக்டர் சொன்னால் எதிர்த்துப் பேசியிருப்பேன், மாமனார் சொன்னால் சண்டைக்குப் போயிருப்பேன். இவரிடம் பேச ஒன்றும் இல்லை. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் இப்படி உட்கார்ந்து பேசியதில்தான் ஏ.ஏ. தொடங்கியது. இரண்டு பேருமே குடிநோயாளிகள்.

சர்ச் வளாகத்தில் கூடுகிறார்கள், மதம் மாற்றுவார்கள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். நான் நெற்றி நிறைய விபூதியோடு போகிறவன், ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. கடவுள் என்ற சொல் வரும், அது உங்களுக்கு எது தோன்றுகிறதோ அது. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. கட்டணம் கிடையாது. பை ஒன்று சுற்றி வரும், முடிந்தால் போடலாம். வெளியாள் நன்கொடை கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள்.

கூட்டம் போதும், டாக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்காதீர்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. ஒரு முறை வீறாப்பாக நானே நிறுத்தி, இரண்டாம் நாள் பிட்ஸ் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதலில் ஆஸ்பத்திரி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குப் போன் பண்ணுங்கள், காசு இல்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விடமுடியாது. பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று ஒட்டியிருக்கிறார்களே, அந்தப் பவுடரை யாரோ சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு என் மனைவி குழம்பில் கலந்துவிட்டாள். சாயங்காலம் வழக்கம்போல் குடித்தேன். முகம் நெருப்பாக எரிந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, வாந்தி நிற்கவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். அந்த மாதிரி மருந்து டாக்டரிடமும் உண்டு, ஆனால் குடிக்கிறவரிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பார்கள். மறைத்துக் கொடுத்தால் உயிரே போகலாம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேறு என்ன செய்வாள்? அதை விற்றவன் மேல் இன்றைக்கும் ஆறவில்லை. குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டம் இருக்கிறது, பின்னால் அவளும் போனாள். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

நடுவில் நானும் இரண்டு முறை வழுக்கினேன். திரும்பிப் போனபோது "வா, உட்கார்" என்றார்கள், அவ்வளவுதான்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் நாளே எனக்கு ஒருவரைத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் மதிப்பான ஆள், யாரென்று சொல்லமாட்டேன். இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. போன தை மாதம் காட்பாடியில் ஒரு கல்யாணம். வரவேற்பு முடிந்ததும் எங்கள் கூட்டாளிகள் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கி, "ஒரு கட்டிங் மட்டும் வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த மதிப்பான ஆள் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர், இலையை அப்படியே விட்டு எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. அவர்கள் கூப்பிடுவதை விடும்வரை உட்கார்ந்திருந்தார்.