அம்மோனியாவில் நீலம் வரவில்லை என்றால் செம்பு இல்லை என்று அர்த்தமா?

வணக்கங்க. சாயப்பட்டறைகள் உள்ள நொய்யல் ஆற்றோரத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் அம்மோனியா ஊற்றினேன், நீலம் வரவில்லை, அப்போ செம்பு இல்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. செம்பு நிறைய உள்ள மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் அந்த நீலம் பளிச்சென்று தெரியும். ஆனால் குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் ஏற்கத்தக்க அளவே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை விடுகிறார்கள். இவ்வளவு சொற்பத்துக்கு அம்மோனியா அசையாது.

பைசின்கோனினேட் என்ற வேதிப்பொருள் கொண்ட பொடி உள்ள செம்புச் சோதனைக் கிட் வாங்குங்கள். அது செம்பை ஒற்றை மின்னேற்ற நிலைக்கு இறக்கி, இரண்டு மூலக்கூறுகளாகச் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஊதாவாகும். பொடி போடாத அதே தண்ணீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், கிணற்றில் சாய நிறம் இருந்தால் ஏமாற்றிவிடும்.

இன்னொரு சங்கடம். பனியனுக்குப் போடும் டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீல) சாயம் பெரும்பாலும் செம்பு தாலோசயனைன் என்ற சேர்மம். அதற்குள் இருக்கும் செம்பு பூட்டுப் போட்ட மாதிரி. எந்த நிறமாற்றக் கிட்டும் அதைத் தொடாது. ஆய்வகத்தில் அமிலத்தில் காய்ச்சி அளந்தால்தான் மொத்தக் கணக்கு வரும். மாதிரியை பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், தயவுசெய்து செப்புக்குடம் வேண்டாம். முடிவு வரும்வரை குடிக்க வேறு தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள்.