சீமோர் கிரே செமினார்: கிரே-1இல் தொடங்குங்கள்

வணக்கம் தம்பி. சூப்பர் கணினிகளை வடிவமைத்த சீமோர் கிரே பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், எழுதினால் வெறும் வருடப் பட்டியலாகவே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். 1925இல் விஸ்கான்சினில் பிறந்தார் என்று ஒரு வரி போதும். நேராக 1976இல் வந்த அவருடைய கிரே-1 சூப்பர் கணினிக்குப் போய்விடுங்கள்.

மேலிருந்து பார்த்தால் அது ஆங்கில 'சி' எழுத்துபோல வளைந்திருக்கும். அழகுக்காக அல்ல. அதன் கடிகாரத்தின் ஒரு துடிப்பு, அதாவது வேலையின் ஒரு படி, 12.5 நானோ வினாடி; ஒரு நானோ வினாடி என்றால் வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நானோ வினாடியில் ஒளியே சுமார் 30 செ.மீ.தான் போகும், கம்பியில் மின்குறிப்பு இன்னும் மெதுவாகத்தான் போகும். அதனால் மின்குறிப்பு நேரத்துக்குள் போய்ச் சேர, எந்தக் கம்பியும் 4 அடியைத் தாண்டக் கூடாது. மின்சுற்று அடுக்குகளை வளைத்து நிறுத்தினால் உட்புறம் நெருங்கும், கம்பி குறையும். பேசும்போது ஒரு 30 செ.மீ. ஸ்கேலைத் தூக்கிக் காட்டுங்கள், கடைசி பெஞ்ச் வரை புரியும். சுற்றிலும் உட்காரும் மெத்தை, அதற்கடியில் பவர் சப்ளை! எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம், கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்துக்காக கிரே முன்பு உருவாக்கிய 6600 கணினியை விட்டுவிடாதீர்கள். 1963இல் அதன் அறிவிப்பைப் பார்த்த போட்டிக் கணினி நிறுவனமான ஐபிஎம்மின் தலைவர் வாட்சன், துப்புரவுத் தொழிலாளியையும் சேர்த்து 34 பேர் செய்ததை நம்மால் ஏன் முடியவில்லை என்று தன் அதிகாரிகளுக்கு எழுதினார்.